மனித வலிமை அளவீடு

மனித வலிமை அளவீடு என்பது ஒருவர் ஒரு பொருளைத் தூக்கும்போதும், தள்ளும்போதும், இழுக்கும்போதும் தம் தசைகளைக் கொண்டு செலுத்தக்கூடிய விசையை ஆய்வுகூடத்தில், வரையறுக்கப்பட்ட நிலைமைகளில் அளந்தறியும் முறையாகும். பணிச்சூழலியல், உடலியங்கியல், இயன்முறை மருத்துவம், விளையாட்டு அறிவியல், படைத்துறை ஆள்சேர்ப்பு ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது. அளக்கப்படும் விசை நியூட்டன் அலகிலோ கிலோகிராம்-விசை அலகிலோ தரப்படும். ஒரு கிலோகிராம்-விசை ஏறத்தாழ 9.8 நியூட்டன் ஆகும்.

ஒருவருடைய வலிமை என்று ஒற்றை எண் எதுவும் இல்லை என்பதே இத்துறையின் அடிப்படை. ஒரே மனிதர், ஒரே நாளில், கைப்பிடியின் உயரம் மாறினால் வேறு எண்ணைத் தருவார். காலணி மாறினால் வேறு எண் வரும். சோதிப்பவர் சொல்லும் சொற்கள் மாறினாலும் வேறு எண் வரும். ஆகவே தோரணை, விசையின் திசை, கால அளவு, அறிவுறுத்தல் ஆகியவை குறிக்கப்படாத வலிமை எண்ணைப் பிற எண்களோடு ஒப்பிட இயலாது. இவ்வெண்களைக் கொண்டே தொழிற்சாலைகளில் சுமையின் எடை வரையறுக்கப்படுகிறது. சில இடங்களில் வேலைக்கு ஆளும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனவே அளக்கும் முறை பற்றிய கேள்வி ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதில்லை.

தசையும் நெம்புகோலும்

தசை சுருங்கும்போது எலும்பை இழுக்கிறது. கையில் அளக்கப்படும் விசை தசை தரும் விசை அன்று. எலும்புகளும் மூட்டுகளும் சேர்ந்த நெம்புகோல் தொகுதியின் வழியே மாறி வெளிவரும் விசையாகும். தசை தன் நடுத்தர நீளத்தில் இருக்கும்போது மிகுந்த விசையைத் தரும். மிகவும் நீண்டோ மிகவும் சுருங்கியோ இருக்கும்போது குறைவாகவே தரும். மூட்டின் கோணம் மாறும்போது நெம்புகோலின் புயமும் நீண்டு குறுகும். இவ்விரண்டும் சேர்ந்தே, முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்கும்போது கை மிகுந்த விசையோடு மேல்நோக்கித் தூக்குகிறது.

வேகமும் முக்கியமானது. பிரித்தானிய உடலியங்கியலாளர் ஏ. வி. ஹில் தவளைத் தசையில் செய்த ஆய்வை 1938 இல் வெளியிட்டார். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைந்த விசையையே அது தரும் என்பது அதன் முடிவு. அசையாமல் இறுகும் தசை அதைவிட மிகுந்த விசையைத் தரும். சுமையால் நீட்டப்படும் தசை தாங்கும் விசை இன்னும் அதிகம். தரையிலிருந்து தூக்க முடியாத மூட்டையைக்கூட, பிறர் ஏற்றிக் கொடுத்தபின் மெல்லக் கீழே இறக்க முடிவது இதனாலேயே.

முதுகைப் பொறுத்தவரை நெம்புகோல் நமக்குப் பாதகமாக அமைந்துள்ளது. இடுப்பு முள்ளெலும்புகளுக்குப் பின்னுள்ள தசைகள் மூட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலேயே இழுக்கின்றன. 20 கிலோகிராம் எடையுள்ள பெட்டியை இடுப்பு மூட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் பிடித்தால், அது உண்டாக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 78 நியூட்டன்-மீட்டர். அதை ஈடுசெய்ய முதுகுத் தசைகள் ஏறத்தாழ 1570 நியூட்டன் விசையுடன், அதாவது பெட்டியின் எடையைப்போல் எட்டு மடங்கு விசையுடன், இழுக்க வேண்டும். குனிந்த உடலின் எடையைத் தாங்கும் விசை இதில் சேர்க்கப்படவில்லை. தசை இழுக்கும் அவ்வளவு விசையும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை அழுத்துகிறது.

வரலாறு

பளுவான கல்லைத் தூக்கி வலிமையைக் காட்டும் வழக்கம் பல நாடுகளில் இருந்துள்ளது. தமிழக ஊர்களில் காணப்படும் இளவட்டக்கல்லும் இவ்வகையினதே. ஆனால் கல் 'முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்ற விடையை மட்டுமே தரும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் கருவி விசைமானி, அதாவது டைனமோமீட்டர் ஆகும்.

18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ஜார்ஜ் கிரகாம் வடிவமைத்த கருவி ஒன்றை ஜான் டெசாகுலியர்சு மேம்படுத்தினார். அது மரச்சட்டத்தால் ஆன பெரிய பொறி. எடுத்துச் செல்ல ஏற்றதன்று. பிரான்சைச் சேர்ந்த எட்மே ரெஞ்ஞியே என்பவர் 1798 இல் வெளியிட்ட கருவி கையடக்கமானது. அதன் முதன்மை உறுப்பு நீள்வட்ட வடிவிலான எஃகு வில். அதைக் கைகளால் அமுக்கிப் பிடியின் வலிமையை அளக்கலாம். நீளவாக்கில் இழுத்து இடுப்பின் வலிமையையும் அளக்கலாம்.

இக்கருவியின் தொடக்ககாலப் பயன்பாடு ஒன்று இன்றைக்கும் எச்சரிக்கையாக விளங்குகிறது. 1800 முதல் 1804 வரை நடந்த நிக்கோலா போடன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்பயணத்தில் பிரான்சுவா பெரோன் என்ற இயற்கை அறிஞர் ரெஞ்ஞியேயின் விசைமானியைக் கொண்டு சென்றார். ஆத்திரேலியப் பகுதிகளிலும் தீமோரிலும் வாழ்ந்தவர்களின் கைவலிமையை அளந்து, ஐரோப்பியரைவிட அவர்கள் வலிமை குறைந்தவர்கள் என்று எழுதினார். கருவியை முன்பின் கண்டிராத, மொழி புரியாத, முழுவலிமையுடன் அமுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லாத மனிதர்களிடம் பெற்ற எண்கள் அவை. அவை தசையை அளந்தனவா, தயக்கத்தை அளந்தனவா என்று பிரித்தறிய வழியில்லை.

பிரான்சிசு கால்ட்டன் 1884 இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு உடல்நலக் கண்காட்சியில் மனித அளவை ஆய்வுகூடம் ஒன்றை நடத்தினார். மூன்று பென்சு கட்டணம் செலுத்திய 9337 பேர் அங்கு அளக்கப்பட்டனர். உயரம், எடை, பார்வைக் கூர்மை ஆகியவற்றோடு, பிடியின் வலிமையும் வில்லாளி நாணை இழுப்பது போன்ற தோரணையில் இழுக்கும் வலிமையும் அளக்கப்பட்டன.

1938 இல் அமெரிக்காவில் திரிபுமானி உருவாக்கப்பட்டபின் எஃகு வில்லின் இடத்தை மின்னளவீடு பிடித்தது. மெல்லிய கம்பி அல்லது உலோகத்தாள் நீளும்போது அதன் மின்தடை சிறிது மாறும். அம்மாற்றத்தை மின்சுற்று ஒன்றால் அளந்து விசையைக் கணக்கிடலாம். இன்றைய ஆய்வுகூடங்களில் காணப்படும் சுமையுணரி இதே கோட்பாட்டில் இயங்குகிறது. பழைய கருவி உச்ச அளவை மட்டுமே முள்ளால் காட்டியது. சுமையுணரியோ விசை எவ்வாறு ஏறி, நிலைத்து, இறங்கியது என்பதை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதிவு செய்கிறது.

நிலை வலிமைச் சோதனை

கைப்பிடி அசையாதபடி பொருத்தப்பட்டு, அதன்மீது விசை செலுத்தும் சோதனை நிலை வலிமைச் சோதனை அல்லது சமநீளச் சோதனை எனப்படும். கைப்பிடி ஒரு சங்கிலியால் தரைத்தட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். இடையில் சுமையுணரி இருக்கும். தூக்கும் வலிமைக்கு வழக்கமாக மூன்று தோரணைகள் உண்டு. முழங்கையைச் செங்கோணத்தில் மடித்துத் தூக்குவது கைத்தூக்கல். முழங்காலை மடித்துக் கைப்பிடியைக் கால்களுக்கிடையே வைத்துத் தூக்குவது கால்தூக்கல். குனிந்து, கைப்பிடியைப் பாதங்களுக்கு முன்னால் வைத்துத் தூக்குவது உடல்தூக்கல். மேலே கூறிய நெம்புகோல் கணக்கின்படி, கடைசித் தோரணையே முதுகை மிகவும் வருத்துவது. அதனால் பல ஆய்வுகூடங்கள் அதனைத் தவிர்க்கின்றன.

1970களின் தொடக்கம் வரை ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஒருவர் உச்ச அளவை எடுத்துக்கொண்டார். மற்றவர் சராசரியை எடுத்தார். வேறொருவர் இது எதையும் குறிப்பிடவேயில்லை. 1974 இல் லீ கால்டுவெல், டான் சாஃபின், கார்ல் குரோமர், இசுட்டோவர் சுனூக் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பொதுவான நடைமுறை ஒன்றை முன்மொழிந்தனர். அதன்படி, சோதிக்கப்படுபவர் திடீரென வெட்டி இழுக்காமல் ஏறத்தாழ ஒரு வினாடியில் முழு முயற்சிக்கு ஏறி, அதனை நான்கு வினாடி நிலைநிறுத்த வேண்டும். நிலைத்த பகுதியின் முதல் மூன்று வினாடிகளின் சராசரியே அவரது வலிமை. தொடர்புடைய இரு முயற்சிகளுக்கு இடையே குறைந்தது இரண்டு நிமிட ஓய்வு தேவை.

இந்நடைமுறையின் பெரும்பகுதி கருவியைப் பற்றியது அன்று, பேச்சைப் பற்றியது. சோதனையின் நோக்கத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறிவுறுத்தல் செய்தியாக மட்டும் இருக்க வேண்டும். உணர்ச்சியைத் தூண்டக் கூடாது. பரிசு, போட்டி, இலக்கு, வேடிக்கை பார்ப்போர், இரைச்சல் ஆகியவை கூடா. முயற்சி நடக்கும்போது அளவு அவர் கண்ணில் படக் கூடாது. எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பிறரோடு ஒப்பிடாமல் பொதுவாகவே சொல்ல வேண்டும். விளையாட்டு வீரரைப் பயிற்றுபவர் செய்யும் அனைத்தையும் இது தடை செய்கிறது எனலாம்.

இத்தடைக்கு நல்ல காரணம் உண்டு. மிச்சியோ இக்காய், ஆர்தர் இசுட்டைன்ஹவுசு ஆகியோர் 1961 இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கையை மடிக்கும் விசையைத் திரும்பத் திரும்ப அளந்தனர். எதிர்பாராமல் துப்பாக்கி வெடித்தபின் விசை ஏறத்தாழ 7 விழுக்காடும், முயற்சியின்போது அவரே உரக்கக் கத்தியபோது ஏறத்தாழ 12 விழுக்காடும் கூடியது. தசை மாறவில்லை, மூளை அதற்கு இட்ட கட்டளையே மாறியது. பி. ஏ. மெர்ட்டன் 1954 இல் காட்டிய வழியில், முழு முயற்சியின்போது நரம்பில் சிறு மின்துடிப்பு செலுத்தி, விசை மேலும் கூடுகிறதா என்று பார்க்கலாம். கூடாவிட்டால் தசை முழுமையாக இயங்குகிறது என்று பொருள். ஆனால் பல தசைகள் சேர்ந்து இயங்கும் தூக்கலுக்கு இம்முறை எளிதில் பொருந்தாது.

தள்ளலும் இழுத்தலும்

கைவண்டியைத் தள்ள முடியாதவரைப் பார்த்து, 'கையில் வலுவில்லை' என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் குறை கையில் இருப்பதில்லை, காலடியில் இருக்கிறது. நின்றபடி கிடைத்திசையில் தள்ளுபவர் எவ்வளவு விசை செலுத்துகிறாரோ அவ்வளவு விசையைத் தரை அவர் பாதத்திற்குத் திருப்பித் தர வேண்டும். அவ்விசைக்கு உராய்வே எல்லை. 60 கிலோகிராம் எடையுள்ளவரின் எடைவிசை ஏறத்தாழ 590 நியூட்டன். உராய்வுக் கெழு 0.3 ஆக உள்ள வழவழப்பான தரையில் அவர் ஏறத்தாழ 177 நியூட்டனுக்கு மேல் தள்ள முடியாது, பாதம் வழுக்கும். 0.6 ஆக உள்ள சொரசொரப்பான தரையில் எல்லை இரட்டிப்பாகும். தசை இரண்டிலும் ஒன்றே.

குரோமர் 1960களின் பிற்பகுதியில் பல தோரணைகளில் தள்ளும் விசையை அளந்தபோது இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பாதத்திற்குப் பின்னால் அசையாத கட்டை ஒன்று இருந்தாலோ, முதுகைச் சுவரில் சாய்த்துத் தள்ளினாலோ விசை பெரிதும் உயர்ந்தது. எனவே தள்ளும் வலிமையை அளக்கும் ஆய்வுகூடம் தரையின் தன்மையையும் காலணியையும் பதிவு செய்வது இன்றியமையாதது.

கைப்பிடியின் உயரமும் திசையும் அடுத்து வருவன. கைப்பிடியைச் சற்று மேல்நோக்கித் தள்ளினால், எதிர்விசை உடலைத் தரையோடு அழுத்தி உராய்வைக் கூட்டும். கீழ்நோக்கித் தள்ளினால் இதற்கு மாறாக நிகழும். இதனால் கிடைத்திசை விசையை மட்டும் அளக்கும் கருவி நடந்ததில் பாதியைத்தான் காட்டும். மூன்று திசைகளிலும் அளக்கும் சுமையுணரி விரும்பப்படுகிறது. சக்கர வண்டிகளைப் பொறுத்தவரை, அசையத் தொடங்கும்போது தேவைப்படும் தொடக்க விசையும், ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படும் தொடர் விசையும் தனித்தனியே அளக்கப்படும். முன்னது பெரிது.

இயக்க வலிமைச் சோதனை

உண்மையான வேலையில் பொருள் நகரும். ஆகவே நிலைச் சோதனை வேலையைப் போன்றதன்று என்ற குறை உண்டு. இதற்கு இருவகைத் தீர்வுகள் உள்ளன. சமவேகக் கருவியில், ஒருவர் எவ்வளவு விசை செலுத்தினாலும் கருவியின் புயம் குறித்த வேகத்தைத் தாண்டாது. அவ்வேகத்தில் ஒவ்வொரு கோணத்திலும் கிடைக்கும் திருப்புத்திறன் பதிவாகும். 1960களின் இறுதியில் அறிமுகமான சைபெக்சு கருவி இவ்வகையில் முன்னோடி. முழங்கால் அறுவைக்குப்பின் இரு கால்களையும் ஒப்பிட இது பெரிதும் உதவுகிறது.

இரண்டாவது வகையில், தண்டவாளங்களுக்கிடையே மேலும் கீழும் நகரும் சுமையை ஒருவர் குறித்த உயரத்திற்குத் தூக்குவார். அமெரிக்க வான்படை 1980களில் பயன்படுத்திய சோதனை இவ்வகையினது. 40 இறாத்தலில் (ஏறத்தாழ 18 கிலோகிராம்) தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 இறாத்தல் கூட்டி, ஆறடி உயரத்திற்குத் தூக்க முடியாத நிலை வரும்வரை சோதனை தொடரும். சுமை பக்கவாட்டில் சாயாது, முடியாதபோது விட்டுவிடலாம். எளிமையும் பாதுகாப்பும் இதன் சிறப்புகள்.

உளஇயற்பியல் முறை

ஒருவர் ஒருமுறை தூக்கக்கூடிய மிகுந்த எடைக்கும், நாள் முழுவதும் தூக்கக்கூடிய எடைக்கும் பெரிய இடைவெளி உண்டு. இரண்டாவதை அளக்க சுனூக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களில் இருந்து, மாசச்சூசெட்சு மாநிலத்தின் ஹாப்கிண்டனில் இருந்த லிபர்ட்டி மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேறொரு முறையை வளர்த்தனர். சோதிக்கப்படுபவருக்குப் பெட்டி ஒன்று தரப்படும். தூக்கும் உயரமும் வேகமும் ஆய்வாளர் கையில். எடை மட்டும் தூக்குபவர் கையில். மிகவும் களைப்படையாமல், மூச்சு வாங்காமல், உடல் சூடேறாமல் ஒரு நாள் முழுவதும் செய்யக்கூடிய அளவிற்கு அவரே உலோகக் குண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் எடையைச் சரிசெய்வார். எடையைக் கண்ணால் மதிப்பிட முடியாதபடி பெட்டிக்குப் பொய்யடித்தளம் உண்டு.

ஒரு சோதனை 40 நிமிடம் நடக்கும். முதல் 20 நிமிடம் கனமான பெட்டியில் தொடங்கினால், அடுத்த 20 நிமிடம் இலேசான பெட்டியில் தொடங்கும். இரு முடிவுகளும் 15 விழுக்காட்டுக்குள் ஒத்துவந்தால் மட்டுமே சராசரி ஏற்கப்படும். தூக்கல், இறக்கல், தள்ளல், இழுத்தல், சுமத்தல் ஆகியவற்றிற்கு இவ்வாறு தொகுக்கப்பட்ட அட்டவணைகளின் விரிவான பதிப்பை சுனூக்கும் வின்சென்ட் சிரியெல்லோவும் 1991 இல் வெளியிட்டனர். இவை சுனூக் அட்டவணைகள் என்று அழைக்கப்படுகின்றன. அந்த ஆய்வுகூடம் 2017 இல் மூடப்பட்டது.

உழைப்பவரின் சொந்த மதிப்பீட்டையே அளவுகோலாகக் கொள்வது இம்முறையின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். நிமிடத்திற்குப் பலமுறை தூக்கும் வேலைகளில், 40 நிமிடத்தில் தேர்ந்த எடையை எட்டு மணிநேரம் தூக்கினால் இதயத்துடிப்பும் உயிர்வளி நுகர்வும் ஏற்கத்தக்க அளவைத் தாண்டுகின்றன.

பாதுகாப்பு

முழுமுயற்சியின்போது மக்கள் இயல்பாகவே மூச்சை அடக்குவர். அப்போது இரத்த அழுத்தம் திடீரென உயரும். 1985 இல் வெளியான ஆய்வொன்றில், இரு கால்களாலும் கனமான சுமையைத் தள்ளிய உடற்கட்டு வீரர்களின் தமனியில் நேரடியாக அளந்தபோது, உச்ச அழுத்தம் சராசரியாக 320/250 மி.மீ. பாதரசமாக இருந்தது. எனவே இதயநோய், உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மைக்கால முதுகுவலி ஆகியவை உள்ளவரா என்று முன்பே கேட்டறிவது கட்டாயமானது. விரும்பும்போது நிறுத்தலாம் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

ஆணும் பெண்ணும்

எல். எல். லாபாக் 1976 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார். சராசரியாக, பெண்களின் மேலுடல் வலிமை ஆண்களுடையதில் ஏறத்தாழ 56 விழுக்காடு. கீழுடல் வலிமை ஏறத்தாழ 72 விழுக்காடு. தூக்கல், தள்ளல், இழுத்தல் போன்ற இயக்கச் செயல்களில் இது ஏறத்தாழ 69 விழுக்காடு. இவை சராசரிகளே. இரு பாலாரின் பரவலும் ஒன்றன்மீது ஒன்று படிகிறது. ஆண்கள் பலரைவிட வலிமை மிக்க பெண்கள் உண்டு. கைத்தூக்கலைக் கொண்டு சோதிப்பதா, கால்தூக்கலைக் கொண்டு சோதிப்பதா என்ற தேர்வே, எத்தனை பெண்கள் தேறுவர் என்பதை ஓரளவு முடிவு செய்துவிடுகிறது என்பதும் இவ்வெண்களிலிருந்து பெறப்படும்.

வேலையை மாற்றுவதா, ஆளைத் தேர்வதா

வலிமை எண்களை இருவழிகளில் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் செய்யக்கூடியவாறு வேலையை அமைப்பது ஒன்று. வேலைக்கு ஏற்ற வலிமையுள்ளவரைத் தேர்வது மற்றொன்று.

முதல் வழியின் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் (நையோஷ்) தூக்கல் சமன்பாடு. 1981 இல் முதலில் வெளியாகி, 1991 இல் திருத்தப்பட்டது. இதன்படி, பெட்டி உடலுக்கு அருகில் 25 செ.மீ. தொலைவிலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருக்கும் மிகச் சிறந்த நிலையில் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோகிராம். பெட்டி 40 செ.மீ. தள்ளியிருந்தால், ஏனைய நிலைமைகள் மாறாதபோது, அது ஏறத்தாழ 14 கிலோகிராமாகக் குறையும். முள்ளெலும்பு வட்டின் அழுத்தம் 3400 நியூட்டனைத் தாண்டாதிருப்பதும், பெண் தொழிலாளருள் 75 விழுக்காட்டினராவது ஏற்கக்கூடியதாக இருப்பதும் இதன் அடிப்படைகள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் சுமக்கும் எடைக்கு 55 கிலோகிராமை எல்லையாகக் குறித்திருந்தது. இந்தியாவில் சிமெண்டு மூட்டையின் வழக்கமான எடை 50 கிலோகிராம். நையோஷ் சமன்பாட்டின் மிகச் சிறந்த நிலை எடையைப்போல் அது இரு மடங்குக்கும் மேல்.

இரண்டாம் வழியில் கருத்து வேறுபாடு அதிகம். வேலை கோரும் விசை தொழிலாளியின் நிலை வலிமையைத் தாண்டும்போது முதுகுக் காயங்கள் கூடுகின்றன என்று சாஃபினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கண்டனர். ஆனால் வாசிங்டன் மாநில வானூர்தித் தொழிற்சாலை ஒன்றில் 2000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 1989 இல் வெளியான ஆய்வில், தூக்கும் வலிமை பிற்கால முதுகுவலி முறையீடுகளை முன்னறிவிக்கவில்லை. முதல் ஆய்வு வலிமையைக் குறித்த வேலையின் தேவையோடு ஒப்பிட்டது. இரண்டாவது வலிமையைத் தனியே எடுத்துக்கொண்டது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், போர்ட் மேடிசன் நகரில் இருந்த டயல் நிறுவனத்தின் இறைச்சித் தொழிற்சாலை 2000 ஆம் ஆண்டில் வேலைக்கு விண்ணப்பித்தோருக்கு வலிமைச் சோதனையைக் கொண்டுவந்தது. 35 இறாத்தல் (ஏறத்தாழ 16 கிலோகிராம்) எடையுள்ள தண்டை, ஏறத்தாழ 76 செ.மீ., 152 செ.மீ. உயரமுள்ள இரு சட்டங்களுக்கிடையே ஏழு நிமிடம் மாற்றிமாற்றி வைக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தோரில் 46 விழுக்காட்டினர் பெண்கள்; சோதனை வந்தபின் இது 15 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்களில் 97 விழுக்காட்டினரும் பெண்களில் 38 விழுக்காட்டினரும் தேறினர்.

இது வேலையையே போன்ற சோதனை என்றும், காயங்கள் குறைந்துள்ளன என்றும் நிறுவனம் வாதிட்டது. வழக்கில் வெளிவந்த விவரங்கள் வேறாக இருந்தன. தொழிலாளர்கள் வேலையில் நிமிடத்திற்குச் சராசரியாக 1.25 முறை தூக்கினர். சோதனையிலோ விண்ணப்பதாரர்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறை தூக்கினர். காயங்கள் 1998 இலேயே, அதாவது சோதனை வருவதற்கு முன்பே, வேறு பாதுகாப்பு நடவடிக்கைகளின் பின் குறையத் தொடங்கியிருந்தன. சோதனைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டில் பெண்களின் காய விகிதம் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. ஏழு நிமிடத்தை முடித்தும் மறுக்கப்பட்ட பெண்களும் இருந்தனர். எடையும் உயரமும் வேலையிலிருந்தே எடுக்கப்பட்டவை. வேகம் மட்டுமே வேறு. எட்டாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006 நவம்பரில் நிறுவனத்திற்கு எதிரான தீர்ப்பை உறுதி செய்தது.